மலைக் கடைக்கு எந்த ரூம் ஹீட்டர்?

ஏற்காட்டிலோ வால்பாறையிலோ பத்துக்குப் பத்தில் கடை வைத்திருப்பவருக்கு முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து வியாபாரம் நடக்கிற கடை என்றால், இரண்டு ராடு உள்ள 800 வாட் குவார்ட்ஸ் ஹீட்டர் போதும். விலை பெரும்பாலும் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். கண்ணாடிக் கதவு போட்டுச் சாத்தி வைக்கிற கடை என்றால், 1000, 2000 வாட் என இரண்டு நிலை உள்ள ஃபேன் ஹீட்டர் வாங்கலாம். கையில் இன்னும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு இருந்தால், கம்பிக்குப் பதில் செராமிக் கட்டி சூடாகிற பி.டி.சி. செராமிக் ஹீட்டர். ஆயில் ஹீட்டர் நல்ல சாமான்தான், ஆனால் பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு அது தேவைக்கு மேற்பட்ட செலவு.

கீழே கோவை, ஈரோடு, திருப்பூரில் கடை வைத்திருப்பவர்கள் மார்கழி விடியற்காலைக் குளிருக்காக ஹீட்டர் தேட வேண்டாம். எட்டரை மணி வெயில் வந்ததும் அது மூலைக்குப் போய்விடும். ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலைச் செம்மேடு, திம்பம் ஏறித் தாளவாடி, இந்தப் பக்கத்துக் கடைகளுக்குத்தான் இதெல்லாம். அதிலும் ஏற்காட்டுக் குளிர் வேறு, வால்பாறைக் குளிர் வேறு. ஏற்காட்டில் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் பனி. வால்பாறையில் அதோடு ஆனி, ஆடி மழையும் சேரும். அங்கே உடம்பை வாட்டுவது ஈரம்.

எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் ஷட்டரைப் பாருங்கள். எட்டடி அகலம், ஏழடி உயரம் உள்ள ஷட்டர் திறந்திருந்தால் 56 சதுர அடி வாசல், அதாவது சுமார் 5.2 சதுர மீட்டர். மேல் பாதி வழியாகச் சூடான காற்று வெளியே போகும், கீழ்ப் பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது நொடிக்குக் கால் மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். ஊதுபத்திப் புகை லேசாகச் சாய்கிற அளவுதான் அந்தக் காற்று. அப்படியே நொடிக்கு 0.65 கன மீட்டர் குளிர்காற்று உள்ளே வந்துவிடுகிறது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 1,200 ஜூல் வேண்டும். வெளியே இருப்பதைவிட உள்ளே 8 டிகிரி கூடுதலாக வைத்திருக்க நினைத்தால் விடாமல் 6,000 வாட்டுக்கு மேல் எரிய வேண்டும். 2000 வாட் ஃபேன் ஹீட்டரை மூன்று வாங்கி வைத்தாலும் பற்றாது. "ஃபேன் ஹீட்டர் வாங்கினேன், சூடே தெரியலீங்க" என்று சொல்கிற கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பழுது ஹீட்டரில் இல்லை. வாசல் திறந்து கிடக்கிறது.

அதனால் திறந்த கடையில் காற்றைச் சூடாக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் சூடு கிடைத்தால் சரி. குவார்ட்ஸ் ராடு செய்வது அதைத்தான். சிவந்த ராடிலிருந்து வெயில் மாதிரி நேராக வந்து காலிலும் கையிலும் படுகிற சூடு அது. நடுவில் இருக்கும் காற்று குளிர்ந்து கிடந்தாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் நிழலிலிருந்து வெயிலுக்கு ஓரடி நகர்ந்தால் தெரிகிற வித்தியாசம்தான் இங்கேயும்.

"இது கரண்ட் சேமிக்கிற ஹீட்டருங்க" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். சூடாக்குகிற கம்பி, ராடு, ஆயில், செராமிக் எதுவானாலும் 1000 வாட் என்றால் மணிக்கு ஒரு யூனிட். அதற்குக் குறைந்து அதே சூட்டைத் தருகிற ராடோ காயிலோ கிடையாது. மிச்சம் பிடிக்க வழி ஒன்றுதான்: அந்தச் சூடு வீணாகாமல் ஆள் மேல் படும்படி வைப்பது. கடை இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு ராடு, 400 வாட், நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் மாதம் 72 யூனிட், 720 ரூபாய். இரண்டு ராடும் எரிந்தால் 1,440. 2000 வாட் ஹீட்டர் அதே ஆறு மணி நேரம் முழுசாக ஓடினால் 3,600. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில்லில் 7,200 ரூபாய் கூடினால் சின்ன மளிகைக் கடைக்குத் தாங்காது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற இலவச யூனிட் சலுகை கடைக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்ஸ் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உஷாவின் 3002 மாதிரி இரண்டு ராடு உள்ளவை எல்லாமே ஏறத்தாழ ஒரே அமைப்புதான்: 400 வாட் ராடு இரண்டு, பின்னால் பளபளப்பான ரிஃப்ளெக்டர் தகடு, முன்னால் கம்பி வலை, ஒவ்வொரு ராடுக்கும் ஒரு சுவிட்ச், அடியில் ஒரு சின்னக் குமிழ். அந்தக் குமிழ்தான் ஹீட்டர் கவிழ்ந்தால் கரண்டை நிறுத்துகிறது. தரையில் சரியாக உட்கார்ந்தால் குமிழ் உள்ளே அமுங்கும், ராடு எரியும். தூக்கினாலோ சாய்ந்தாலோ குமிழ் வெளியே வரும், அணைந்துவிடும். வாங்கும்போது எரிய விட்டுத் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள். கடையில் மேடுபள்ளமான கல் தளம் என்றால் குமிழ் சரியாக அமுங்காமல் விட்டுவிட்டு அணையும். உடனே டேப் ஒட்டிக் குமிழை அமுக்கி வைத்துவிடுகிறார்கள். அட்டைப்பெட்டி நிறைந்த கடையில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. ஒரு பழைய டைல்ஸ் துண்டை அடியில் போட்டால் தீர்கிற விஷயம் அது.

வைக்கிற இடம்: கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் பக்கவாட்டில், முழங்கால் உயரத்துக்குக் கீழே, மூன்றடி தூரத்தில். தூரம் இரட்டித்தால் மேலே படுகிற சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதனால் ஆறடி தள்ளி வைத்துவிட்டுச் சூடு போதவில்லை என்று இரண்டாவது ராடைப் போடாதீர்கள். அதற்காக ஒட்டியும் உட்காரக் கூடாது. தினமும் ஒன்றரை அடிக்குள் மணிக்கணக்காகக் காலைக் காட்டினால் தோலில் வலை பின்னியது போலப் பழுப்புத் தடம் விழும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். அவர்கள் செருப்போ சாக்ஸோ போட்டு, மூன்றடிக்கு மேல் தள்ளியே வைக்க வேண்டும். துணி, சாக்கு, பிளாஸ்டிக் பை, அட்டைப்பெட்டி எதுவும் ஹீட்டர் முன்னால் மூன்றடிக்குள் இருக்கக் கூடாது. மேசைக்கு அடியில் நேராகத் தள்ளி வைப்பதும் தப்பு. பலகை வறண்டு கருகும், மேலிருந்து ஒரு கேரி பேக் நழுவினால் ராடில்தான் விழும்.

வால்பாறைக்காரர்களுக்கு இன்னொன்று. எரிகிற குவார்ட்ஸ் ஹீட்டரில் சாரல் தெறிக்கக் கூடாது. வாசலை ஒட்டி வைக்காமல் ஒரு தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். ஈரக் குடையை அதன் முன்னால் காய வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

இந்த ஹீட்டரில் பழுது வருகிற இடம் பெரும்பாலும் ராடின் முனைதான். எரிந்து எரிந்து ஆறுவதால் முனையில் இருக்கிற திருகு தளரும், தளர்ந்த இடத்தில் பொறி தட்டி ஒயர் கருகும், ஒரு பக்கம் மட்டும் எரியாமல் போகும். சரிசெய்வது எளிது. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆற விட வேண்டும். முன் வலையின் கிளிப்பை விடுவித்து, பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, இரண்டு முனையிலும் இருக்கிற நட்டை எடுத்தால் ராடு கையோடு வரும். கருகிய ஒயர் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, சூடு தாங்கும் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து முறுக்க வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் அந்த இடத்தில் உருகிவிடும். ராடே போயிருந்தால் பழைய ராடைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீளமும் வாட்டும் பார்த்து வாங்குங்கள். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் உட்காராது. மல்ட்டிமீட்டர் இருந்தால் 400 வாட் ராடு சுமார் 130 ஓம் காட்டும். புது ஹீட்டர் வாங்கும்போதும் இந்தச் சோதனை உதவும். ஹீட்டரை நிமிர்த்தி வைத்து, இரண்டு ராடுக்கும் சுவிட்ச் போட்ட நிலையில், பிடுங்கிய பிளக்கின் சின்னப் பின் இரண்டுக்கும் நடுவில் சுமார் 65 ஓம் வந்தால் பெட்டியில் எழுதியிருக்கும் 800 வாட் உண்மை. 90, 100 என்று காட்டினால் விலைக்கு ஏற்ற சூடு வராது. ஒயர் மெலிந்த, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு இதில்தான் பிடிபடும்.

ரிஃப்ளெக்டர் தகடு மங்கினால் சூடு பின்பக்கமே தங்கிவிடும். மாதம் ஒருமுறை, ஆறிய பிறகு, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

இனி கதவு சாத்துகிற கடை. மருந்துக்கடை, கண்ணாடிக் கதவு போட்ட மொபைல் கடை, அழகு நிலையம், டிராவல்ஸ் ஆபீஸ் போன்றவை. இங்கே காற்றைச் சூடாக்கலாம். ஓட்டுக் கூரையோ கான்கிரீட்டோ உள்ள, நன்றாகச் சாத்துகிற கடைக்குச் சதுர அடிக்குப் பத்து வாட் என்பது நடைமுறைக் கணக்கு. பத்துக்குப் பத்து என்றால் 1000 வாட். மேலே தகரம் என்றால் கணக்கே மாறிவிடும். நூறு சதுர அடி வெறும் தகரம், வெளியைவிட உள்ளே 8 டிகிரி கூடுதல் என்றால், அந்தக் கூரை மட்டும் சுமார் 500 வாட்டைத் தின்றுவிடுகிறது. ஹீட்டர் வாங்கும் காசில் பாதியைத் தெர்மாகோல் சீலிங்குக்குக் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் பில்லில் திரும்பி வரும். ராடோ விளக்கோ அந்தத் தெர்மாகோலுக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவு போட வசதியில்லாத கடைக்கு, குளிர்பதனக் கிடங்கு வாசலில் தொங்குமே, அந்தப் பி.வி.சி. பட்டைத் திரை நல்ல மாற்று. வாடிக்கையாளர் விலக்கிக்கொண்டு வரலாம், உள்ளே இருப்பதும் வெளியே தெரியும்.

ஃபேன் ஹீட்டரில் அதிகம் விற்பவற்றில் ஒன்று ஓர்பேட் கம்பெனியின் ஓ.இ.எச்.-1220. 1000, 2000 என இரண்டு நிலை, கைக்கடக்கமான பெட்டி, மூன்று நான்கு நிமிடத்தில் சூடு தெரிந்துவிடும். இந்த விலைக்கு நல்ல சாமான். சத்தம் உண்டு, போனில் பேசிக்கொண்டே இருக்கிற கடைக்கு எரிச்சலாக இருக்கும். அதைவிட முக்கியம் தூசி. பின்பக்கத்தில் இழுக்கிற காற்றோடு பஞ்சு, நூல்பிசிர் எல்லாம் உள்ளே போய்க் காயிலில் ஒட்டும். திருப்பூர்ச் சரக்கு வாங்கி விற்கிற பனியன் கடையிலும், தையல் கடையிலும் ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். முதலில் முடி கருகும் வாடை வரும். அப்புறம் காற்று குறையும், காயில் செக்கச்செவேல் என்று சிவக்கும், உள்ளே இருக்கிற கட்-ஆஃப் நிறுத்திவிடும், ஆறியதும் தானே ஓடும், மறுபடி நிற்கும். அப்படி ஓடி ஓடி நிற்கிற ஹீட்டரைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, பின்பக்க வலையைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, புளோயர் இருந்தால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஊத வேண்டும். துடைத்த பிறகும் காற்று மெதுவாகத்தான் வந்தால் ஃபேன் மோட்டாரின் புஷ் (தண்டு சுழல்கிற வளையம்) வறண்டிருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். கட்-ஆஃபை எடுத்துவிட்டு நேராக ஒயர் கொடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே ஹீட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அணைக்கும்போது முதலில் சூட்டை நிறுத்தி, ஃபேன் மட்டும் இரண்டு நிமிடம் ஓடட்டும். இந்த ஒரு பழக்கம் காயிலின் ஆயுளைக் கூட்டும்.

துணிக்கடைக்கும் தையல் கடைக்கும் பி.டி.சி. செராமிக் ஹீட்டரை நாங்கள் சொல்வது அந்தப் பஞ்சுக்காகத்தான். செராமிக் கட்டி சூடாக ஆகத் தன் மின்தடையைத் தானே கூட்டிக்கொள்ளும். காற்று அடைத்துக்கொண்டால் கம்பி போலச் சிவக்காமல் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் வேலை இதற்கும் உண்டு, ஆனால் மறந்த நாளில் ஆபத்து குறைவு.

ஆயில் ஹீட்டர் சூடாக இருபது முப்பது நிமிடம் ஆகும். நாள் முழுக்கச் சாத்தியே இருக்கிற, சத்தம் ஆகாத இடத்துக்கு, உதாரணமாகக் கிளினிக்குக்கு, அது பொருந்தும். மலை பஸ்ஸில் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் இறங்காமல் காயில் வெறுமனே காயும்.

கரி கங்குச் சட்டியும் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் கடைக்குள் வேண்டவே வேண்டாம். கங்கிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே படுக்கிற பையன்கள் இருக்கிற கடையில் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லி வையுங்கள். கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது. வால்பாறை ஈரத்தில் சுவர் பூஞ்சை பிடிக்க அதுவே போதும். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் போடுவது சட்டப்படியும் தப்பு.

ஒயரிங் விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஹீட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அது. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். ஃபேன் போடுகிற 6 ஆம்ப் பிளக்கில் அது நிற்காது. 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும், மெயினிலிருந்து அதற்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வேண்டும், லோடு மிஞ்சினால் தானே விழுகிற 16 ஆம்ப் எம்.சி.பி. சுவிட்ச் வேண்டும், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காத மலைக் கடைகளில் உயிரைக் காப்பது அந்த ஆர்.சி.சி.பி.தான், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் செருக விற்கிற கன்வெர்ட்டர் பிளக் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 800 வாட் ராடு ஹீட்டரை வேறு வழியில்லாவிட்டால் போடலாம், ஒயரைச் சுருட்டி வைக்காமல் நீட்டிவிட்டு. 2000 வாட்டைப் போடவே கூடாது. அரை மணி நேரம் ஓட விட்டு, அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் உள்ளே பின் தளர்ந்திருக்கிறது, சாக்கெட்டை மாற்றுங்கள்.

சின்னக் கடை இணைப்புகள் பல ஒன்று, இரண்டு கிலோவாட் அனுமதியில்தான் இருக்கும். ஃபிரிட்ஜ், விளக்கு, பில்லிங் மெஷினோடு 2000 வாட் சேர்ந்தால் அனுமதி அளவைத் தாண்டிவிடும். கரண்ட் அட்டையில் எத்தனை கிலோவாட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் குறைவாக வருகிற ஊர் என்றால் சூடும் குறையும்: 190 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் 1,365 வாட்தான் தரும், 800 வாட் 546. ஹீட்டரில் கோளாறு என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரில் எதையும் போடாதீர்கள், பேட்டரி வெகுநேரம் தாங்காது.

சரக்கையும் பார்த்து வையுங்கள். மருந்து அலமாரி, ஏற்காட்டுச் சாக்லேட், வெல்லம் இவற்றின் பக்கம் காற்று அடிக்கக் கூடாது. தின்னர், நெயில் பாலிஷ், ஸ்பிரே, சானிடைசர் இருக்கிற கடையில் சிவந்து எரிகிற ராடு கூடாது. அங்கே ஆயில் ஹீட்டர்தான் தகும்.

கோவையிலும் சேலத்திலும் கடையில் போய் "ஹீட்டர்" என்று கேட்டால் தண்ணீர் ஹீட்டரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "ரூம் ஹீட்டர்" என்று சொல்லுங்கள். பெட்டியிலும் ஹீட்டர் உடம்பிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த முத்திரையைத் தருகிற அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று அங்கேயே தெரிந்துவிடும். சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் கேளுங்கள். ஒரு ஃபியூஸுக்காக நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற யாருக்கும் நேரம் இல்லை.

ஹீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. சிமென்ட் தரையில் நாள் முழுக்கக் கால் வைத்திருந்தால் முட்டி வரை சில்லிட்டுப் போகும், எந்த ராடும் அதை முழுசாகச் சரிசெய்யாது. இரண்டடிக்கு மூன்றடிப் பலகை ஒன்று, அதன் மேல் பொள்ளாச்சித் தேங்காய் நார் மிதியடி ஒன்று கல்லாவுக்குக் கீழே போடுங்கள். அதைப் போட்ட பிறகு பல கடைகளில் ஒரு ராடே போதுமானதாகிவிடுகிறது. நார் நன்றாகப் பற்றும் என்பதால் மிதியடி ராடுக்கு மூன்றடி தள்ளியே இருக்க வேண்டும்.

மாசி முடிந்து எடுத்து வைக்கும்போது ஆறவிட்டுத் துடைத்து, ராடுக்கு இரண்டு பக்கமும் செய்தித்தாள் திணித்து, வந்த பெட்டியிலேயே நிமிர்த்தி வையுங்கள். எலி ஒயரைக் கடிக்கும், அதனால் பரண் வேண்டாம். மறுபடி எடுக்கும்போது திணித்த தாளை ஞாபகமாக உருவிவிட்டு, ஒயரை முழு நீளமும் கையால் தடவிப் பார்த்து, முதல் பத்து நிமிடம் வாசல் பக்கம் வைத்து எரிய விடுங்கள். படிந்த தூசி கருகுகிற வாடை வரும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வாடை நிற்கவில்லை என்றால் அது தூசி இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராடு முனையைத் திறந்து பாருங்கள்.